இடப்பெயர்ச்சியா, இடப்பெயர்ப்பா?

ஐயா, வணக்கம்.

மயில்துத்தக் (செம்பு சல்ஃபேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் இரும்பு கரைந்து, செம்பு ஆணி மேல் படிகிறதே, அந்த வேதிவினைக்கு (displacement reaction) நீங்கள் சொன்ன ‘விரட்டு வினை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘இரும்பு செம்பை விரட்டியது’ என்று சொன்னதும் ‘எங்கே?’ என்பார்கள் பிள்ளைகள். விரட்டப்பட்ட செம்பு அந்த ஆணி மேலேயே அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

பாடநூலின் ‘இடப்பெயர்ச்சி’யில் எனக்குள்ள சிக்கல் வேறு. இயற்பியலிலும் அதே சொல்தான். அதோடு, பெயர்தல் தன்வினை. குரு தானாகப் பெயர்கிறார். இங்கே செம்பு தானாகப் போகவில்லை. இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்து, செம்பு அயனியைக் கரைசலிலிருந்து பெயர்க்கிறது. வளர்ச்சி, வளர்ப்பு மாதிரிதான் பெயர்ச்சி, பெயர்ப்பு. மொழிபெயர்ப்பு புழங்கும்போது ‘இடப்பெயர்ப்பு வினை’க்கு என்ன தடை? ‘பல்லப் பேத்துருவேன்’ என்பதைக் கேட்டு வளர்ந்த மதுரைப் பிள்ளைக்கு யார் பெயர்ப்பது, எது பெயர்வது என்று விளக்கவே வேண்டாம்.

சோதனையும் சொல்லுக்கு ஒத்துவர வேண்டுமே. 100 மி.லி. நீரில் 5 கிராம் மயில்துத்தம் கரைத்தால் உப்புத்தாளால் தேய்த்த ஆணி சிவக்கும். ஆனால் ஒரு பாடவேளைக்குள் நீலம் வெளுக்காது. நிறம் மாறுவதைக் காட்ட 1 கிராமே போதும். அதில் 10 மி.லி. எடுத்து, எண்ணெய் போகக் கழுவிய இரும்புத்தூள் கால் கிராம் போட்டுக் குலுக்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் கூடுதலாக இருந்தால் கரைசல் கலங்கி வெளிர்நீல வண்டல் இறங்கும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நல்லது. ஆணியில் கறுப்பாகப் பஞ்சுபோல் படிந்தால் அது துத்தநாகம் பூசிய ஆணி. ஆணிக்குப் பதில் போட்ட அலுமினியக் கம்பி சும்மா கிடந்தால் ஆக்சைடு படலம்தான் காரணம். ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டால் வேலை தொடங்கிவிடும்.

*

ஐயா, இடப்பெயர்ப்பு எனக்குச் சம்மதம். ‘இரட்டை இடப்பெயர்ப்பு’ மட்டும் வேண்டாம். பேரியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் சேரும்போது யாரும் யாரையும் பெயர்ப்பதில்லை. அயனிகள் இணை மாறுகின்றன, பேரியம் சல்ஃபேட் வெள்ளையாகப் படிகிறது. அதை ‘இணைமாற்று வினை’ என்று தனியே பிரித்துவிடலாம்.

இடப்பெயர்ப்புக்கு ஆணியை விட நல்ல எடுத்துக்காட்டு வெற்றிலைக் கொடிக்காலில் இருக்கிறது. சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். அழுகல் நோய்க்கு ஊற்றும் போர்டோ கலவை, துத்தக் கரைசலும் சுண்ணாம்புப் பாலும் சேர்ந்தது. பதம் பார்க்கப் பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். செம்பு நிறம் ஏறியிருந்தால் செம்பு அயனி மிச்சம் இருக்கிறது, பயிரைக் கருக்கிவிடும். சுண்ணாம்புப் பால் இன்னும் ஊற்றிக் கலக்க வேண்டும். துத்தம் கரைக்க மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளிதான். இரும்பு வாளி என்றால் ஆணி செய்கிற வேலையை வாளியே செய்துவிடும்.