கம்பெனி குடுத்த டப்பாவைக் கழட்டிட்டு சொந்த ரவுட்டர் போடலாமா? (கீழக்கரை, ஃபைபர் லைன்)

நடுத்தெரு பொடியன்:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். எங்க வீட்டுல ஃபைபர் லைன் எடுத்து எட்டு மாசம் ஆகுது, 200 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனிக்காரன் குடுத்த வெள்ளை டப்பா முன்வாசல் பக்கம் அலமாரி மேல உக்காந்திருக்கு. எங்களோடது பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு, அகலம் கம்மி, நீளமா உள்ள போய்க்கிட்டே இருக்கும், திண்ணை, ஹால், முத்தம், உம்மா ரூம், கடைசில அடுப்படி, சுவரு ஒவ்வொண்ணும் ஒண்ணரை அடி கனம். டப்பா பக்கத்துல நின்னு டெஸ்ட் போட்டா 180 காட்டுது, முத்தம் தாண்டுனா 12, அடுப்படில வைஃபை குறியே காணாமப் போயிடுது. உம்மா பேரப்புள்ளைகள வீடியோ கால்ல பாக்கணும்னா ஃபோனைத் தூக்கிக்கிட்டு முன்வாசலுக்கு வரணும், அங்க வெளியாளுக யாரும் உக்காந்திருந்தா அதுவும் முடியாது.

போன வாரம் பெரிய காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து ஆள்மூலமா ஒரு ரவுட்டர் குடுத்துவிட்டாரு. ஆறு ஆன்டெனா, நண்டை மல்லாக்கப் போட்ட மாதிரி இருக்கு. சந்தோசமா பிரிச்சுப் பாத்தா பின்னாடி அந்த பச்சை ஃபைபர் பின் சொருகுற ஓட்டையே இல்ல, எல்லாம் லேன் வயர் ஓட்டைதான், அதுல ஒண்ணு மட்டும் நீலக்கலர். ஏரியா ஆளுகிட்ட கேட்டா "வெளி ரவுட்டர் போட்டா லைன் கட்டாயிரும் தம்பி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு, யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்டா நாளைக்கு நாளைக்குன்னு இழுக்குறாரு. நெசமாவே போட முடியாதா, இல்ல சும்மா பயங்காட்டுறாரா?

உப்புக்காத்து (தங்கச்சிமடம்):

போடலாம் தம்பி, லைன்லாம் கட்டாகாது. ஆனா டப்பாவைக் கழட்டாத. டப்பாவுல இருந்து ஒரு லேன் வயரை முத்தம் வரைக்கும் இழு, காக்கா குடுத்த நண்டை அங்க வை, செட்டிங்ல ஆக்சஸ் பாயின்ட் மோடுன்னு (வைஃபையை மட்டும் பரப்புறது) இருக்கும் அதை அமுக்கு, வேலை முடிஞ்சுது. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஒண்ணும் வேணாம். உனக்கு இருக்குறது சுவரு பிரச்சனை, லைன் பிரச்சனை இல்ல.

ராம்நாடு லைன்காரன்:

மேல சொன்னவர் சொன்னது சரி, ஆனா ஏன் கழட்டக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நீங்களே யாருக்கும் சொல்லுவீங்க, அதான் கொஞ்சம் நீட்டி எழுதுறேன். நான் ஃபைபர் ஸ்ப்ளைஸ் போடுற, அதாவது இழையை ஒட்டுற ஆளு, எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க.

அந்த வெள்ளை டப்பா ஒரு சாமான் இல்ல, ஒரே பொட்டிக்குள்ள ரெண்டு சாமான். ஒண்ணு ஓஎன்டி, அதாவது கண்ணாடி இழைல வர்ற வெளிச்சத்தை லேன் சிக்னலா மாத்துறது. இன்னொண்ணு ரவுட்டர், வைஃபை குடுக்குறது, வீட்டுல இருக்குற ஃபோன் டிவிக்கெல்லாம் ஐபி (நெட்டு விலாசம்) பிரிச்சுக் குடுக்குறது. நீங்க மாத்தணும்னு நெனைக்கிறது ரெண்டாவது சாமானை மட்டும்தான். மொதல்ல சொன்னது கம்பெனியோடதாவே இருக்கட்டும்.

ஏன்னா உங்க தெருவுக்கு வர்ற ஃபைபர் உங்க ஒருத்தருக்கு மட்டும் வர்றது இல்ல. போஸ்ட்ல இருக்குற ஸ்ப்ளிட்டர்ல 32 வீடு, சில எடத்துல 64 வீடு ஒரே இழைல தொங்கும். ஜிபான்னு சொல்ற முறைல கீழ, அதாவது வீட்டுக்கு வர்ற வெளிச்சம் 1490 நானோமீட்டர், மேல, அதாவது கம்பெனிக்குப் போறது 1310, கீழ மொத்தமா 2.488 ஜிபிபிஎஸ், மேல 1.244, இதை எல்லா வீடும் பங்கு போட்டுக்குது. மேல அனுப்புறதுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் குறிச்சுக் குடுத்துருக்கும். நம்ம ஊர்ல தண்ணி லாரி வந்தா குடத்தை வரிசைல வச்சு முறைப்படி புடிப்பாங்கள்ல, அந்தக் கணக்குதான். முறை தெரியாத ஒரு டப்பா நடுவுல பூந்து வெளிச்சத்தை அடிச்சுக்கிட்டே இருந்தா அந்த ஸ்ப்ளிட்டர்ல இருக்குற எல்லா வீட்டுக்கும் நெட்டு தடுமாறும். எங்களுக்கு இருபது கம்ப்ளைன்ட் வரும், எந்த வீட்டு டப்பான்னு கண்டுபுடிக்க ஒவ்வொண்ணா புடுங்கிப் பாக்கணும், வெயில்ல உசுரு போயிடும். அதனால கம்பெனி ஒவ்வொரு ஓஎன்டியோட சீரியல் நம்பரையும் பதிஞ்சு வச்சிருக்கும், பதியாத டப்பாவை வாங்கிச் சொருகுனா பான் லைட்டு (ஃபைபர் லைன் கெடைச்சதைக் காட்டுறது) மினுக்கிக்கிட்டே கெடக்கும், நெட்டு வராது. ஏரியா ஆளு "கட்டாயிரும்"னு சொன்னது இந்த பயத்துலயா இருக்கலாம், ஆனா அதுக்கும் உங்க ரவுட்டருக்கும் சம்மந்தம் இல்ல.

இப்ப உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு மேல அவர் சொன்ன ஆக்சஸ் பாயின்ட். முக்காவாசிப் பேருக்கு அதுவே போதும். இன்னொண்ணு பிரிட்ஜ் மோடு, டப்பாவை வெறும் ஓஎன்டியா மட்டும் வச்சுக்கிட்டு பிபிபிஓஇ (கம்பெனி லைன்ல லாகின் பண்ற முறை) யூசர்நேம் பாஸ்வேர்டை உங்க ரவுட்டர்ல போடுறது. எல்லா கன்ட்ரோலும் உங்க கையில இருக்கும், ஆனா யூசர்நேம், பாஸ்வேர்டு, வி-லேன் ஐடி (ஒரே லைன்ல நெட்டு, ஃபோனைப் பிரிக்கிற நம்பர்) மூணும் தெரியணும். கஸ்டமர் கேர்ல எழுத்துல கேளுங்க, ஏரியா ஆளுகிட்ட தொங்காதீங்க. சில கம்பெனில பிபிபிஓஇயே கெடையாது, தானா ஐபி குடுப்பான், அங்க பழைய டப்பாவோட மேக் அட்ரஸை (அதோட அடையாள நம்பர்) புது ரவுட்டர்ல காப்பி பண்ணவேண்டி வரும்.

செட்டிங்கைத் தொடுறதுக்கு முன்னாடி டப்பா செட்டிங்ல வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தை ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அதுல வாய்ஸ்னு தனியா ஒரு கனெக்ஷன் இருந்தா அது லேண்ட்லைனுக்கு, அதை அழிச்சீங்கன்னா வாப்பா ஃபோன் ஊமையாயிடும். அந்த பச்சை பின்னையும் சும்மா சும்மா புடுங்காதீங்க, அதோட நுனி 8 டிகிரி சாய்வா தீட்டுனது, விரல் பட்டா போதும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கிட்டு சிக்னல் எறங்கிடும். ஓஎன்டி செட்டிங் பக்கத்துல ஆர்எக்ஸ் பவர்னு (வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு) இருக்கும், மைனஸ் 18ல இருந்து 24 வரைக்கும்னா நிம்மதியா தூங்கலாம், மைனஸ் 27 தாண்டிருச்சுன்னா எந்த ரவுட்டர் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, எங்களைக் கூப்புடுங்க.

தொண்டிக்காரன் (இப்ப ஜெர்மனி):

ஒரு சின்ன சேதி. இங்க ஜெர்மனில சொந்த மோடம், ரவுட்டர் போட்டுக்குற உரிமை சட்டத்துலயே இருக்கு, 2016 ஆகஸ்ட் 1ல இருந்து. கம்பெனி பாஸ்வேர்டை கேக்காமலே குடுத்தாகணும். நான் கடைல வாங்குன டப்பாவோட சீரியல் நம்பரை அவனுக்குச் சொன்னேன், பதிஞ்சு விட்டுட்டான், ஓஎன்டியும் என்னோடதுதான். ஊருக்கு லீவுல வந்தப்ப இதே வெறப்புல அப்பா வீட்டு லைன்ல கை வச்சு ஒரு நாள் பூரா சிவப்பு லைட்டோட உக்காந்திருந்தது வேற கதை.

நடுத்தெரு பொடியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லைன்கார அண்ணன் சொன்ன மாதிரி மெயில்ல கேட்டேன், மூணாம் நாள் மூணு விவரமும் வந்துருச்சு, ஏரியா ஆளு மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்காரு. ஆசை விடல, பிரிட்ஜ் மோடே போட்டேன். மொதல்ல ஒரு மணி நேரம் நெட்டே வரல, என்னன்னு பாத்தா வி-லேன் நம்பரை டப்பாவுலயும் போட்டு ரவுட்டர்லயும் போட்டிருக்கேன், ரவுட்டர்ல எடுத்ததும் டக்குனு வந்துருச்சு. இப்ப அடுப்படில கூட வைஃபை நிக்குது, உம்மா மீன் ஆஞ்சுக்கிட்டே லாத்தாகிட்ட (அக்காகிட்ட) வீடியோ கால் பேசுறாங்க.

ஆனா ஒரு வயித்தெரிச்சல். எங்க வச்சு டெஸ்ட் போட்டாலும் 94க்கு மேல ஏற மாட்டேங்குது. முன்னாடி டப்பா பக்கத்துல 180 வந்துச்சே. ஏரியா ஆளு வேணும்னே ஸ்பீடைக் கொறச்சுட்டாரோ?

ராம்நாடு லைன்காரன்:

94ன்னு சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு. யாரும் கொறைக்கல, உங்க லேன் வயர் 100ல நிக்குது. வயருக்குள்ள எட்டு கம்பி இருக்கும், கிகாபிட் ஓடணும்னா எட்டும் தொடணும், 100க்கு நாலே கம்பி போதும், மத்த நாலுல ஒண்ணு விட்டுப்போனாலும் 100க்கு எறங்கிடும், கழிவு போக 94 சொச்சம் வரும். எந்த வயரு போட்டீங்க?

நடுத்தெரு பொடியன்:

பழைய கேமராவுக்குப் போட்ட வயரு ஒண்ணு மாடில சுருட்டிக் கெடந்துச்சு அண்ணே, அதைத்தான் எடுத்துப் போட்டேன்.

இப்ப கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தேன். பின்னுல தங்கக்கலர் பல்லு எட்டு இருக்குல்ல, அதுல ஓரத்துல ரெண்டு பச்சை பூத்துப்போய் இருக்கு, நகத்தால சுரண்டுனா மாவு மாதிரி உதிருது. எப்புடி அண்ணே இங்க இருந்துக்கிட்டே சொல்றீங்க!

ராம்நாடு லைன்காரன்:

மாயமில்ல, கடக்கரை. கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன் எங்க போனாலும் பாதி கம்ப்ளைன்ட் இதான், வாடைக்காத்து அடிக்கிற மாசத்துல இன்னும் கூட. மாடி, திண்ணைன்னு காத்து படுற எடத்துல பின் இருந்தா உப்பு தின்னுரும். பல்லைச் சுரண்டாதீங்க, ரெண்டு பக்கமும் பின்னை வெட்டிட்டு புதுசா அடிங்க, அதைவிட வயரையே மாத்திருங்க. கடைல கேக்கும்போது சுத்த செம்புக் கம்பியான்னு கேட்டு வாங்குங்க. அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசுனது பாதி வெலைக்குத் தருவான், நம்ம ஊருக் காத்துக்கு அது தாங்காது.

இன்னொண்ணு, துபாய் அடாப்டரோட சதுரப் பின்னுக்கு கன்வெர்ட்டர் மாட்டித்தானே ஓட்டுறீங்க? அது லூசா இருந்தா உள்ள பொறி அடிக்கும். அடாப்டர்ல என்ன வோல்ட் எழுதியிருக்கோ அதே வோல்ட், ஆம்பியர் அதே அளவோ கூடவோ பாத்து இங்கயே ஒண்ணு வாங்கிருங்க.

ஏர்வாடி 7:

உள்ள பூந்ததுக்கு மன்னிக்கணும். நானும் இதே மாதிரி பிரிட்ஜ் போட்டு சொந்த ரவுட்டர் வச்சிருக்கேன், மீன் வாடில ரெண்டு கேமரா. வெளியூர்ல இருந்து பாக்கலாம்னு போர்ட் ஃபார்வேர்டெல்லாம் (வெளில இருந்து வர்றதை கேமராவுக்குத் திருப்பி விடுற செட்டிங்) யூடியூப் பாத்து போட்டும் ஒண்ணும் தெரியல. ரவுட்டர்ல வேன் ஐபி 100.72ன்னு ஆரம்பிக்குது. ரவுட்டர் மட்டமா?

உப்புக்காத்து (தங்கச்சிமடம்):

ரவுட்டர் மேல பழி போடாதீங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஆரம்பிக்கிற ஐபி உங்களோட தனி ஐபி இல்ல, கம்பெனிக்காரன் உள்ளுக்குள்ள பிரிச்சுக் குடுக்குறது, சிஜிநாட்னு பேரு, 2012லயே இதுக்குன்னு அந்த நம்பரை ஒதுக்கிட்டாங்க. வெளில இருந்து பாத்தா நீங்களும் இன்னும் பல வீடும் ஒரே ஐபி. அப்ப வெளியூர்ல இருந்து வர்ற கோரிக்கை உங்க வாசல் வரைக்கும் வரவே வராது, நீங்க உள்ள கதவைத் தொறந்து வச்சு என்ன பிரயோஜனம். மாசம் காசு கட்டி ஸ்டேடிக் ஐபி (மாறாத தனி ஐபி) வாங்கலாம், இல்லைன்னா காசில்லாத வழி, டிவிஆர்லயே (கேமரா பதிவு பண்ற பொட்டி) ஒரு க்யூஆர் கோடு இருக்கும், அந்தக் கம்பெனி ஆப்ல ஸ்கேன் பண்ணுங்க, அது உள்ள இருந்து வெளில போயி பேசும், போர்ட் கீர்ட் எதுவும் தொறக்க வேணாம். டிவிஆர் பாஸ்வேர்டை மட்டும் மாத்திருங்க, 123456லயே விட்டுட்டு வாடில மீன் எடை போடுறதை ஊருக்கே லைவ் காட்டுன ஆளு எங்க பக்கத்துல இருக்காரு.

ஏர்வாடி 7:

ஸ்கேன் பண்ணேன், வந்துருச்சு. ரெண்டு நாள் முழிச்சுக் கெடந்ததுக்கு ரெண்டு நிமிசம்.

நடுத்தெரு பொடியன்:

புது வயரு போட்டாச்சு, சுத்த செம்பு, கடைக்காரர் கத்தியால கீறிக் காட்டுனாரு. முத்தத்துக்கு மேல போகாம உள் சுவரு ஓரமாவே இழுத்துட்டேன். டெஸ்ட்ல 203. கன்வெர்ட்டரையும் தூக்கிப் போட்டாச்சு, உள்ள பாத்தா நெசமாவே கருகியிருந்துச்சு அண்ணே.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இப்ப கரன்ட் போனா ரவுட்டரும் டப்பாவும் ரெண்டும் அணைஞ்சிருது, முன்னாடி டப்பாவுக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் இருந்துச்சு.

ராம்நாடு லைன்காரன்:

ரெண்டும் 12 வோல்ட்டுன்னா ரெண்டு அவுட் இருக்குற மினி யூபிஎஸ் கெடைக்கும். ஆனா நண்டு ஒண்ணரை ரெண்டு ஆம்பியர் இழுக்கும், டப்பா ஒண்ணு, கூட்டிப் பாத்து வாங்குங்க. டப்பா முன்வாசல்ல, ரவுட்டர் முத்தத்துல இருக்கு இல்ல? அப்ப ஒண்ணு பத்தாது, ஆளுக்கு ஒண்ணு.