தள்ளாடும் பூனைக்குட்டிக்கு வீடு தேடுகிறேன்

கேள்வி:
மீட்ட குட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும். நடக்கும்போது தள்ளாடுகிறது, சாப்பிடக் குனிந்தால் தலை ஆடுகிறது. சிறுமூளை (உடல் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதி) வளர்ச்சிக் குறைபாடு என்றார் டாக்டர். தத்து அறிவிப்பில் என்ன எழுதுவது?

பதில் 1:
குறையை முதல் வரியிலேயே சொல்லிடுங்க. போட்டோ போதாது; நடப்பது, சாப்பிடுவது, மண் தட்டில் (மலஜலம் கழிக்க வைப்பது) ஏறுவது மூன்றையும் வீடியோ எடுங்க. பெரும்பாலும், தாய் சினையாக இருக்கும்போது பேன்லூக்கோபீனியா என்ற பூனை வைரஸ் தாக்குவதால்தான் இப்படி ஆகும். இந்தத் தள்ளாட்டம் வலிக்காது, மற்றவற்றுக்குத் தொற்றாது, நாளாக ஆக முற்றாது. முற்றினால் வேறு நோய். மறுபடி டாக்டரிடம் காட்டாமல் யாருக்கும் கொடுக்காதீங்க. "பாவம்" என்று மட்டும் எழுதாதீங்க. பரிதாபப்பட்டு வாங்குபவர்தான் திருப்பி அனுப்புவார்.

பதில் 2:
தத்தெடுப்பவர் வீட்டுத் தரை எப்படி என்று கேளுங்க. டைல்ஸில் கால் வழுக்கும், யோகா பாய் விரித்தால் பிடிப்பு கிடைக்கும். மண் தட்டுக்கு உயரமான பிளாஸ்டிக் டப்பா எடுத்து, ஒரு பக்கம் மட்டும் 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டுங்க. மற்ற மூன்று பக்கமும் குட்டி சாய்ந்து நிற்க உயரமாகவே இருக்கட்டும். தாழ்வான தட்டு வைத்தால் அதிலேயே விழுந்து புரளும். சாப்பாட்டுக் கிண்ணம் கனமாக, சற்று உயரத்தில் இருக்கட்டும். நகத்தை ஒட்ட வெட்டக்கூடாது, ஏற அதுதான் பிடி. பால்கனிக்கு வலை, மாடிப்படிக்குத் தடுப்பு கட்டாயம்.

பதில் 3:
தடுப்பூசியை இப்போதே தொடங்கி, குட்டிக்கு 16 வார வயது ஆகும் வரை 3-4 வாரத்துக்கு ஒருமுறை போடணும், அட்டையோடு கொடுங்க. முதல் இரண்டு வாரம் சோதனைக் காலம், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திரும்பணும் என்று எழுதி வாங்குங்க. வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதத்தையும் கேட்டுக்கோங்க.