ஹோபார்ட் போகிறோம், ஊட்டி ஸ்வெட்டர் போதுமா?

அருவங்காடு அம்மா:
ஜூன் இரண்டாம் வாரம் நானும் வீட்டுக்காரரும் மகனைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா போகிறோம், ஹோபார்ட் நகரத்துக்கு. கோவையில் ஏறி சிங்கப்பூர், மெல்போர்ன் வழி. வெளிநாடு இதுதான் முதல் தடவை. மகனைக் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கும்மா" என்பதோடு முடித்துவிடுகிறான். போய் இறங்கியதும் எப்படி இருக்கும்? நம் ஊர் ஸ்வெட்டர் தாங்குமா? நம் ஊர் மொறுமொறு பிஸ்கட், அதான் வர்க்கி, கொண்டுபோகலாமா?

கட்டபெட்டுக்காரன்:
அக்கா, போன வருஷம் மகள் பிரசவத்துக்கு அதே மாதம்தான் போனோம். ஸ்வெட்டர் போதும், ஆனால் மேலே காற்று புகாத ஜாக்கெட் ஒன்று வேண்டும். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்குமே, அந்தக் குளிரோடு கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்துக்குள் சூரியன் போய்விடும். மணி நமக்கு நாலரை மணி நேரம் முந்தி. அங்கே காலை ஆறு என்றால் உடம்புக்கு ராத்திரி ஒன்றரை.

ஊருக்கு மேலே நிற்கும் மலைக்குப் பெயர் என்ன தெரியுமா? வெலிங்டன்! குன்னூர் பக்கத்து நம் வெலிங்டனுக்குப் பெயர் கொடுத்த அதே பிரபுதான். 1,271 மீட்டர், தொட்டபெட்டாவில் பாதிகூட இல்லை. ஆனால் உச்சியில் நிஜப் பனி.

இதெல்லாம் மறுநாள் பார்த்தது. முதல் நாள் மகள் வீட்டு வாசலில் இறங்கியதுமே தைல வாசனை. பெட்டியில் குப்பி உடைந்துவிட்டது என்று பதறி நடுத்தெருவில் திறந்து பார்த்தேன். மகளுக்கென்று வாங்கிய நீலகிரித் தைலம் பத்திரமாக இருந்தது. நிமிர்ந்தால் எதிரே கற்பூர மரம், அதான் யூகலிப்டஸ், மழையில் நனைந்து, பட்டை உரிந்து. அடியில் முழங்கால் அளவு சருகு. எங்கள் அம்மா அந்தச் சருகைப் பொறுக்கித் தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்குப் போட்டுத்தான் எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். இத்தனையும் சும்மா கிடக்கிறதே என்று கை தானாகக் குனிந்தது. "அப்பா, பக்கத்து வீட்டில பாக்கறாங்க" என்றாள் மகள்.

சோலைக்குருவி:
அண்ணா, அந்த மரம் அங்கே சொந்த ஊர்க்காரன். 1962 முதல் டாஸ்மேனியாவின் மாநில மலரே அதன் பூதான். இங்கே வெள்ளைக்காரன் விறகுக்காக நட்டு, நம் புல்வெளியை மூடியது. சீகை என்கிற வாட்டில் மரமும் அந்த நாட்டுச் சரக்குதான். எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) மேலே ஊற்று வற்றியது இவை வந்த பிறகு என்று தாத்தா சொல்வார். வாசனையில் மயங்காதீர்கள்.

கட்டபெட்டுக்காரன்:
நீ சொல்வது சரிதான் தம்பி. ஆனால் எங்கள் வீட்டில் சோறு வெந்தது அதில். திட்ட வாய் வரமாட்டேன் என்கிறது.

அருவங்காடு அம்மா:
மரம் இருக்கட்டும். வர்க்கி?

கட்டபெட்டுக்காரன்:
மன்னிக்கணும் அக்கா. விமானத்தில் தருகிற அட்டையில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று எழுதிவிடுங்கள், மறைக்கவே கூடாது. எங்கள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பிளம்ஸ் மட்டும் எடுத்துப்போகாதீர்கள், பழம் எதையும் விடமாட்டார்கள். வர்க்கியை டப்பாவில் போடுங்கள். எங்களுடையது பாதி தூளாகத்தான் போய்ச் சேர்ந்தது.