சடன் டெத் ஓவர்டைம்: ‘முந்துபுள்ளி’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் ‘சடன் டெத்’ (சமனில் நின்ற ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுத்தவர் வென்றார் என்ற விதி) என்பதற்கு எதிரே என்ன எழுதுவது என்று தொடங்கிய இழை, இப்போது ‘டெத்’ என்பதற்குச் சாவா, மரணமா, இறப்பா என்ற இடத்தில் வந்து நிற்கிறது. இதுவரை வந்தவை: திடீர் மரணம், திடீர்ச் சாவு, உடனடி முடிவு, தங்கப் புள்ளி, வாழ்வா சாவா ஆட்டம். என் பரிந்துரை ‘முந்துபுள்ளி’. காரணத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த விதி ஒரே விதியாக இருந்ததில்லை. எந்த ஆண்டின் விதிக்குப் பெயர் வைக்கிறோம் என்று தெரியாவிட்டால் சொல் சறுக்கிவிடும்.

> திடீர் மரணம் என்றே வைத்துவிடலாம் ஐயா. நேரடியாக இருக்கிறது, எல்லோருக்கும் புரியும்.

புரிவது மாரடைப்புதான் ஐயா. மருத்துவச் செய்திகளில் அந்தத் தொடர் ஏற்கெனவே குடியேறிவிட்டது. போதாததற்கு, ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. ஃபிஃபா 1993இல் இதே விதியைத் தன் கால்பந்துக்குக் கொண்டுவந்தபோது, சாவு என்ற சொல் வேண்டாம் என்று ‘கோல்டன் கோல்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. அவர்களே விட்டு ஓடிய பெயரை நாம் ஏன் மெனக்கெட்டு மொழிபெயர்க்க வேண்டும்?

> அப்படியானால் தங்கப் புள்ளி என்றே எடுத்துக்கொள்வோமே.

இங்கேதான் எனக்குப் பெரிய தயக்கம். தங்க கோல் ஒரு குறிப்பிட்ட காலத்துப் பெயர். 1996 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக் குடியரசுக்கு எதிராக ஜெர்மனியின் பியர்ஹாஃப் அடித்தது, 1998 உலகக் கோப்பையில் பராகுவேக்கு எதிராக பிரான்சின் லோரான் பிளாங்க் அடித்தது, 2000 ஐரோப்பிய இறுதியில் இத்தாலியை வீழ்த்திய திரெசகே, இப்படிச் சில பெயர்களோடு அது வரலாற்றில் நிற்கிறது. 2004க்குப் பிறகு அந்த விதியே கிடையாது. தங்க கோலை அதற்கே விட்டுவிடுவோம்.

ஆட்டத்தின் இயல்பும் வேறு. உலகக் கால்பந்தில் நடுக்கோட்டில் யார் முதலில் பந்தை உதைக்கிறார்கள் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரை நிமிடத்தில் பந்து கை மாறிவிடும். தங்க கோலைக் குறை சொன்னவர்கள்கூட, அணிகள் பயந்து பயந்து ஆடுகின்றன என்றார்களே தவிர, டாஸ் வென்றவன் ஜெயித்துவிட்டான் என்று சொன்னதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கதை வேறு. பந்தை வாங்கிய அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. புள்ளி எடுக்கும்வரை அல்லது பந்தை இழக்கும்வரை எதிரணி தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ‘முதலில் புள்ளி எடுத்தவர் வென்றார்’ என்ற விதியை இப்படிப்பட்ட ஆட்டத்தில் கொண்டுபோய் வைத்தால், பூவா தலையாவுக்கு ஆட்டத்தின் பாதி எடை வந்துவிடுகிறது.

தொடக்கத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. 1958 டிசம்பர் 28, நியூயார்க் யாங்கி அரங்கம், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி. பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் 17–17 என்று நின்றார்கள். டாஸ் வென்ற ஜயன்ட்ஸ் பந்தை வாங்கியது; ஒன்றும் நடக்கவில்லை, உதைத்துத் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு கோல்ட்ஸ் 80 யார்டு நடந்துவந்து, கடைசி ஒரு யார்டை ஆலன் அமீச்சி புகுந்து முடித்தார். 23–17. அந்த லீகின் பட்டம் முதன்முதலாக இந்த விதியில் தீர்ந்த ஆட்டம் அது. டாஸ் தோற்ற அணி வென்றதால் அநியாயம் என்ற பேச்சே எழவில்லை.

1974இல் வழக்கமான லீக் ஆட்டங்களுக்கும் இதே விதி வந்தது: 15 நிமிடம், முதல் புள்ளியோடு ஆட்டம் முடிந்தது. காலம் போகப்போக உதைப்பவர்கள் தேறிவிட்டார்கள். 40, 45 யார்டிலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது, அதாவது ஃபீல்டு கோல், சாதாரணமானது. போதாக்குறைக்கு 1994இல் தொடக்க உதை 35 யார்டிலிருந்து 30க்குப் பின்தள்ளப்பட்டது. பந்தை வாங்குபவருக்கு அது இன்னும் வசதி. வாங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் போதும், ஒரு ஃபீல்டு கோல், மூன்று புள்ளி, வீட்டுக்குப் போகலாம்.

டாஸ் எவ்வளவு பெரிய விஷயமாகிப்போனது என்பதற்கு ஒரு வேடிக்கை. 1998 நவம்பர் 26, நன்றி நவிலல் நாள், டெட்ராய்ட். கூடுதல் நேர டாஸில் பிட்ஸ்பர்கின் ஜெரோம் பெட்டிஸ் சொன்னது தலையா பூவா என்று நடுவருக்கும் அவருக்கும் தகராறு. பூ என்றுதான் சொன்னேன் என்கிறார் இவர். தலை என்றுதான் காதில் விழுந்தது என்கிறார் அவர். பந்து டெட்ராய்டுக்குப் போனது. அவர்கள் ஒரு ஃபீல்டு கோல் போட்டு 19–16 என்று முடித்துவிட்டார்கள். கீழே வந்த நாணயத்தில் எந்தப் பக்கம் என்பதைவிட, பெட்டிஸ் வாயிலிருந்து வந்த சொல் எது என்பதில் ஆட்டம் தீர்ந்தது! அதன்பிறகு, நாணயத்தைச் சுண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுவது என்றாயிற்று.

அதே டெட்ராய்ட் 2002இல் சிகாகோவுக்கு எதிராக டாஸ் வென்றும், பயிற்சியாளர் மார்ட்டி மார்ன்ஹின்வெக் பந்து வேண்டாம், காற்று வீசும் திசை போதும் என்றார். சிகாகோ வந்த பந்தில் நேரே போய் ஃபீல்டு கோல் அடித்து வென்றது. இன்றுவரை அந்த மனிதரைக் கேலி செய்கிறார்கள். டாஸ் வென்றால் பந்தை வாங்கு என்பது எழுதாத சட்டமாகிவிட்டதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

விதி உடைந்தது 2010இல். ஜனவரி 24 அன்று நியூ ஆர்லியன்ஸ் – மினசோட்டா அரையிறுதி. டாஸ் வென்ற நியூ ஆர்லியன்ஸ் முதல் வாய்ப்பிலேயே 40 யார்டு ஃபீல்டு கோல் போட்டு 31–28 என்று முடித்தது. மினசோட்டாவின் தாக்குதலை நடத்தும் பிரெட் ஃபாவ்ர் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை. மார்ச் மாதம் அணி உரிமையாளர்கள் 28–4 என்று வாக்களித்து, நாக்அவுட் ஆட்டங்களில் முதல் வாய்ப்பில் வெறும் ஃபீல்டு கோல் என்றால் எதிரணிக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது, ஆறு புள்ளி) என்றால் ஆட்டம் முடிந்தது என்று மாற்றினார்கள். 2012இல் லீக் ஆட்டங்களுக்கும் இது வந்தது. சொல்லாக்கம் செய்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இப்போது ‘உடனடி முடிவு’ என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மூன்று புள்ளி எடுத்தால் முடிவில்லை, ஆறு எடுத்தால் முடிவு!

> தடுப்பதும் ஆட்டம்தானே? டச்டவுன் விடாமல் தடுத்திருந்தால் பந்து கிடைத்திருக்கும். இதில் அநியாயம் எங்கே வந்தது?

நல்ல கேள்வி. அமெரிக்காவில் பலர் இதைத்தான் சொன்னார்கள். என் பதில்: இந்த ஆட்டத்தில் தாக்க ஒரு குழு, தடுக்க வேறு குழு. டாஸ் தோற்ற அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்கு மட்டும்தான் அந்தச் சோதனை. வென்ற அணியின் தடுப்பாட்டக்காரர்கள் பெஞ்சை விட்டு எழவே வேண்டியதில்லை. அவர்கள் தடுத்திருப்பார்களா மாட்டார்களா என்று யாருக்குத் தெரியும்?

2022 ஜனவரி 23இல் கான்சஸ் சிட்டியும் பஃபலோவும் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வழக்கமான நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் இரு அணியும் சேர்ந்து 25 புள்ளிகள். மிச்சம் 13 விநாடி இருக்கையில் மூன்று புள்ளி பின்தங்கியிருந்த கான்சஸ் சிட்டி, 44 யார்டு நகர்ந்து ஃபீல்டு கோல் போட்டுச் சமன் செய்தது. அந்த நிலையில் இரண்டு பக்கத் தடுப்பாட்டமும் கந்தல். பஃபலோவின் தாக்குதலை நடத்தும் ஜோஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. கான்சஸ் சிட்டி நேரே போய் டச்டவுன் போட்டது, 42–36. ஆலன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதே கான்சஸ் சிட்டி 2019 ஜனவரியில் நியூ இங்கிலாந்திடம் இப்படியே தோற்று, விதியை மாற்றுங்கள் என்று மனுப் போட்டு, அது எடுபடாமல் போனது என்பது தனிக்கதை.

2010 திருத்தத்துக்குப் பிறகு அதுவரை 12 நாக்அவுட் ஆட்டங்கள் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தன. பத்தில் டாஸ் வென்றவர் வென்றார், அதில் ஏழு முதல் வாய்ப்பிலேயே முடிந்தவை. லீக் ஆட்டங்களில் இந்த வித்தியாசம் இவ்வளவு இல்லை, ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான். 12 என்பதும் சின்ன எண்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 2022 மார்ச்சில் 29–3 என்று வாக்களித்து, நாக்அவுட்டில் முதல் அணி டச்டவுன் போட்டாலும் எதிரணிக்கு ஒரு வாய்ப்பு கட்டாயம் என்று ஆக்கினார்கள். 2025இலிருந்து லீக் ஆட்டங்களிலும் அப்படியே. நேரம் மட்டும் அங்கே 10 நிமிடம்.

சரி, ‘சடன் டெத்’ ஒழிந்ததா? இல்லை, தள்ளிப்போயிருக்கிறது. ஆளுக்கொரு வாய்ப்பு முடிந்தும் சமமாக நின்றால், மூன்றாவது வாய்ப்பிலிருந்து பழைய விதிதான்: முதலில் எடுத்தவர் வென்றார். 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகாஸில் நடந்த சூப்பர் பௌல் என்னும் என்எஃப்எல் இறுதி ஆட்டத்தில் டாஸ் வென்ற சான் பிரான்சிஸ்கோ பந்தை வாங்கியதற்கு பயிற்சியாளர் கைல் ஷனஹன் சொன்ன காரணமே, மூன்றாவது வாய்ப்பு தங்களுக்கு வர வேண்டும் என்பது. வரவில்லை. எதிரணியின் 9 யார்டில், நாலாவது முயற்சியில், ஃபீல்டு கோல் போதும் என்று மூன்று புள்ளி எடுத்துக்கொண்டார்கள். கான்சஸ் சிட்டிக்கு இப்போது கணக்குத் தெளிவு. தன் பக்கத்து 34 யார்டில் நாலாவது முயற்சி, ஒரு யார்டு தேவை. வேறு நேரமாயிருந்தால் அந்த இடத்தில் யோசிப்பார்கள். இங்கே யோசிக்க என்ன இருக்கிறது, விட்டால் தோல்வி. அவர்கள் தாக்குதலை நடத்தும் மஹோம்ஸ் தானே பந்தோடு ஓடி 8 யார்டு எடுத்தார். கடைசியில் டச்டவுன், 25–22. இரண்டாவதாக ஆடுபவருக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய வசதி பாருங்கள். தோற்ற அணி வீரர்கள் சிலர், புதிய விதி தங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆட்டத்தில்!

இனி சொல்லுக்கு வருகிறேன். மூன்று கட்டங்களிலும் மாறாதது ஒன்றுதான்: யார் புள்ளியில் முந்துகிறாரோ அவரோடு ஆட்டம் முடியும். மாறுவது, அந்த ஓட்டம் எப்போது தொடங்குகிறது என்பது. ஆகவே முந்துபுள்ளி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. முந்திய, முந்துகிற, முந்தும் என்று எல்லாக் காலத்துக்கும் நிற்கும். அடைமொழி சேர்ப்பதும் எளிது:

1974இன் விதி: தனி முந்துபுள்ளி.
2010இன் விதி: திருத்திய முந்துபுள்ளி.
இப்போதைய விதி: சமமுறை முந்துபுள்ளி.

> முதற்புள்ளி என்றால் இன்னும் எளிமையாக இருக்காதா அண்ணா?

இருக்கும் தம்பி, ஆனால் எந்த ஆட்டத்திலும் முதலில் விழும் புள்ளி முதற்புள்ளிதானே. ‘முதற்புள்ளியை டெட்ராய்ட் எடுத்தது’ என்று முதல் கால்பகுதியைப் பற்றி எழுதினால் படிப்பவர் குழம்புவார். முந்து என்பதில் போட்டி இருக்கிறது. உலகக் கால்பந்துக்கு ‘முந்துகோல்’ என்று நீட்டலாமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். ஊன்றுகோல், அளவுகோல் வரிசையில் கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பொருளாகிவிடும், வேண்டாம்.

துணைச்சொல் ஒன்றும் தேவை. ஆங்கிலத்தில் ‘பொசெஷன்’ என்பதை மேலே ‘வாய்ப்பு’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். பட்டியலுக்கு ‘பந்துமுறை’ என்று வைக்கலாம். உலகக் கால்பந்துச் செய்தியில் ‘62 விழுக்காடு பந்தைத் தன்வசம் வைத்திருந்தது’ என்பது நேரத்தின் அளவு. இங்கே அப்படி இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியது. ‘என் முறை வரட்டும்’ என்று பிள்ளைகள் சொல்லும் அதே முறை.

ஓவர்டைமுக்குக் கூடுதல் நேரம், டாஸுக்கு டாஸ். ‘நாணயச் சுண்டல்’ என்று முன்மொழிந்தவர் மன்னிக்க. எனக்குக் கடற்கரை நினைவுதான் வருகிறது.

மீதி ஒன்று இருக்கிறது. 2021இல் பால்டிமோர் ரேவன்ஸ் ஒரு யோசனை வைத்தது, ஏற்கப்படவில்லை. ஓர் அணி, ஆட்டம் தொடங்க வேண்டிய இடத்தைக் குறிக்கும்; மற்ற அணி, அந்த இடத்திலிருந்து தாக்குவதா தடுப்பதா என்று தேர்ந்தெடுக்கும். பலகாரத்தை ஒரு பிள்ளை பிட்டு வைக்க, இன்னொன்று முதலில் எடுத்துக்கொள்வது போல. தாக்குபவருக்கு ரொம்ப நல்ல இடமாகக் குறித்தால் எதிரணி பந்தை எடுத்துக்கொள்ளும். ரொம்ப மோசமாகக் குறித்தால் தடுக்கப் போய்விடும். குறிப்பவர் நியாயமான இடத்தைத் தேடியே ஆக வேண்டும். டாஸின் பாரம் பெருமளவு இறங்கிவிடுகிறது. இதுவரை வந்த யோசனைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். இதற்கு மட்டும் என்னிடம் ஒழுங்கான சொல் இல்லை. ‘இடங்குறி தேர்வு’ என்று எழுதிப் பார்த்தேன், வேலை வாய்ப்பு அறிவிப்பு போல இருக்கிறது. ‘பிட்டெடுப்பு’ வாயில் நிற்கிறது, ஆனால் மைதானம் அதில் இல்லை. யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள். முந்துபுள்ளிக்கும் பந்துமுறைக்கும் இந்த வாரக் கடைசிக்குள் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
இழை தொடங்கியவன்