செவில் அரண்மனையில் உம்மா எழுத்துக்கூட்டிப் படித்த சுவர்

ஸ்பெயினில் செவில் நகரத்து அல்காஸர் அரண்மனைக்கு உம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். உம்மாவுக்கு ஸ்பானிய மொழி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. சின்ன வயதில் மதரசாவில் குர்ஆன் ஓதியிருக்கிறார், அரபு எழுத்தில் எழுதும் தமிழான அரபுத்தமிழும் படிப்பார். அன்றைக்கு எனக்கு வழிகாட்டியே அவர்தான்.

சிங்க வாசலைத் தாண்டி உள்ளே போனால் பெரிய முற்றம், எதிரே பெத்ரோ மன்னரின் மாளிகை முகப்பு. மேலே நீல ஓடுகளில் கட்டம் கட்டமாக ஏதோ பின்னல். அதைச் சுற்றி லத்தீன் எழுத்தில் மன்னர் பெயரும் 1364இல் கட்டிய செய்தியும். அந்தப் பின்னல் கூஃபி என்ற, கோடும் கோணமுமான பழைய அரபு எழுத்து வகை; ஸ்பெயினின் தெற்கில் இருந்த முஸ்லிம் அரசான கிரானடாவின் சுல்தான்களுடைய முழக்கம்: "அல்லாஹ்வைத் தவிர வெல்பவன் யாருமில்லை." உம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நம்ம எழுத்து மாதிரிதான் இருக்கு, பிடிபடலையே" என்றார்.

உள்ளே சுண்ணச்சாந்துச் சுவர்களில் பிடிபட்டது. ஜபர், ஜேர் என்ற உயிர்க்குறிகள் எதுவும் இல்லாத எழுத்து. விரலைக் காற்றில் ஓட்டியபடி, "மௌலானா... சுல்தான்..." என்று கூட்டினார். அடுத்த சொல்லில் நின்றுவிட்டார். "தூன்... பித்ரு. இது அரபியே இல்லையே வாப்பா?"

அது தோன் பெத்ரோ! 'தோன்' ஸ்பானிய மரியாதைச் சொல். "எங்கள் தலைவர் சுல்தான் தோன் பெத்ரோவுக்குப் புகழ்" என்பது வாசகம். கிறிஸ்தவ அரசர், சொந்த அரண்மனையில், தன்னை சுல்தான் என்று அரபியில் எழுதவைத்திருக்கிறார். விளக்கிச் சொன்னதும் உம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம அரபுத்தமிழ் மாதிரி, அவங்க பேரை இந்த எழுத்துல எழுதியிருக்காங்க!"

செவில் 1248இலேயே முஸ்லிம்களிடமிருந்து கிறிஸ்தவர் கைக்கு வந்துவிட்டது. அதாவது நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, யாரும் வற்புறுத்தாமல், விரும்பிக் கட்டியது இது. கிரானடாவின் ஐந்தாம் முகம்மது பெத்ரோவின் நண்பர். இழந்த அரியணையை அவர் 1362இல் மீட்க பெத்ரோ உதவினார், முகம்மது கிரானடாவிலிருந்து கைவினைஞர்களை அனுப்பிவைத்தார். முகப்பு எழுந்து ஐந்தே வருஷத்தில், 1369இல், பெத்ரோவை வேறு தாய்க்குப் பிறந்த அண்ணனே கொன்றுவிட்டார். அதைப் படித்ததிலிருந்து அந்தச் சுவர்களை நினைத்தாலே மனசு கனக்கிறது.

கன்னியர் முற்றத்தில் கீழ்த்தளம் முழுக்க பூவிதழ் வளைவுகள், மேல்தளம் 16ஆம் நூற்றாண்டில் ஏற்றிய இத்தாலிய பாணி. நடுவிலுள்ள பள்ளத் தோட்டம் பல நூற்றாண்டுகள் பளிங்குத் தரைக்கு அடியில் கிடந்ததாம், 2002க்குப் பிறகுதான் தோண்டி மீட்டார்கள். பொம்மை முற்றத்துக்குப் போனால் வளைவின் அடியில் குட்டி முகங்களைத் தேடுங்கள், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அரச குடும்பம் இன்றும் பயன்படுத்தும் மாடிக்குத் தனிச் சீட்டு வேண்டும், முன்பே எடுத்துவிடுங்கள். நாங்கள் போனபோது தீர்ந்துவிட்டது.

தோட்டம் சுற்றி முடித்ததும், வெளியே போகும் வழி வேறு பக்கம். உம்மா கேட்கவில்லை. முகப்புக்கே திரும்பக் கூட்டிப் போகச் சொன்னார். வெயிலில் கண்ணைச் சுருக்கி, அந்தப் பின்னலில் 'அல்லாஹ்' என்ற சொல்லைத் தேடி நின்றார்.

"அலிஃப்... ரெண்டு லாம்... ஹே. கிடைச்சிருச்சு வாப்பா!"