கப்பலேறிப் போன சின்னத் தாத்தாவைக் கண்டுபிடித்த கதை

நகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை என்று பாட்டி சொல்வார். வீட்டில் இருந்த ஒரே ஆதாரம் 1890-களில் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம். மடிப்பெல்லாம் பொத்தல். தேசாந்தரம் போன தம்பி திரும்பி வந்தால் அவர் பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் எழுதி, கீழே கொள்ளுத் தாத்தா கைநாட்டு வைத்திருக்கிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தபோது நேட்டாலின் டர்பன் நகரில் ஒரு பெண்மணி பொருந்தி வந்தார். மூன்று சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை. கொள்ளுத் தாத்தா ஒருவரே என்று காட்டியது. இங்கேதான் நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டுகிறோம். பல வழியாக வந்த டிஎன்ஏ துண்டுகள் சேர்ந்து தூரத்து உறவையும் கிட்டத்து உறவாகக் காட்டிவிடும். எங்கள் உறவுக்குச் சராசரி ஒரு சதவீதம்கூட வராது.

அதனால் அந்த டர்பன் பெண்மணியின் அண்ணனும் என் தம்பியும் ஒய் குரோமோசோம் டெஸ்ட் எடுத்தார்கள். அது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. ஒத்துப்போனது. ஆனாலும் ஒரே வம்சம் என்றுதான் அது சொல்லும், எந்தத் தலைமுறையில் பிரிந்தது என்று சொல்லாது.

அதைச் சொன்னது கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஆளுக்கொன்றாகக் கொடுத்த காலனி நம்பர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், அங்க அடையாளம் எல்லாம் பதிந்திருக்கிறார்கள். சித்தூர் ஜில்லா என்று தேடாதீர்கள், அது 1911-இல்தான் வந்தது. அதுவரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு. எங்கள் ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி கன்னாபின்னாவென்று எழுதியிருந்தார்கள். பெரியப்பா வாய்விட்டுப் படித்ததும்தான் பிடிபட்டது. தகப்பன் பெயர் பத்திரத்தில் இருப்பதேதான். பெரியப்பா அழுதுவிட்டார்.

*

சித்தூரிலிருந்து: அண்ணா, எங்கள் வீட்டில் போனது ஒரு பெண், கொள்ளுப் பாட்டியின் அக்கா. ஒய் உதவாதே?

*

நகரி: உதவாதும்மா. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட் இருக்கிறது. இரண்டு பக்கமும் அம்மா, அவள் அம்மா என்று நடுவில் ஆண் வராத வழியில் வந்தவர்கள் எடுக்க வேண்டும். உன் பெரியம்மா இருக்கும்போதே எடுத்துவிடு. அப்புறம் அந்தக் கொள்ளுப் பாட்டியின் அப்பா பெயரைக் கேட்டு எழுதி வை, பட்டியலில் அதுதான் பிடி.