மறுமொழி: மார்மன்களின் 'காட்ஹெட்' - திரித்துவமா, வேறு சொல்லா?

> திரித்துவம் என்று நல்ல சொல் இருக்கிறதே. புதிது எதற்கு?

ஐயா, மார்மன்கள் பற்றிய கட்டுரையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் சேர்த்துச் சொல்லும் 'காட்ஹெட்' (Godhead) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நானும் முதலில் 'திரித்துவம்' என்றுதான் போட்டேன். திரும்பப் படித்தால், 'மார்மன்கள் திரித்துவத்தை ஏற்பதில்லை, அவர்களுடைய திரித்துவத்தில்...' என்று அடுத்தடுத்து வந்து நிற்கிறது! சிரித்துவிட்டு அழித்தேன்.

325-இல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் குமாரனும் பிதாவும் ஒரே சாரம் என்று முடிவு செய்தது. கத்தோலிக்கர் பூசையில் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று சொல்வது அதைத்தான். திரித்துவம் என்ற சொல்லுக்கு அடித்தளமே அந்த 'ஒரே பொருள்'. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபை அதை ஏற்கவில்லை. அவர்களுக்குப் பிதா ஒருவர், குமாரன் வேறொருவர், ஆவியானவர் இன்னொருவர். மூவரும் நோக்கத்தில் ஒன்று. பிதாவுக்கும் குமாரனுக்கும் தொட்டுணரக்கூடிய, தசையும் எலும்புமான உடல் உண்டு, ஆவியானவருக்கு அது இல்லை என்று 1843-இல் ஸ்மித் போதித்தார்.

வெறும் சொல் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். மார்மன்களும் தண்ணீரில் முழுக்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். ஆனாலும் அது செல்லாது என்று 2001-இல் வத்திக்கான் சொல்லிவிட்டது. பெயர்கள் அவையே, கொள்ளும் பொருள் வேறு என்பது முக்கியக் காரணம். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் போட்டால், வாசகருக்கு இந்தத் தீர்ப்பு எப்படிப் புரியும்?

'தேவத்துவம்' எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் கொலோசெயர் 2:9-இல் 'தேவத்துவத்தின் பரிபூரணம்' என்று வருகிறது. அங்கே அது தெய்வத்தன்மை. '-த்துவம்' தன்மையைச் சொல்லும், ஆட்களைச் சொல்லாது.

'மும்மூர்த்தி' என்றதும் பிரம்மாவும் விஷ்ணுவும் சிவனும் வந்து நின்றுவிடுவார்கள். போகட்டும், மூர்த்தி என்றால் உருவம் என்று வைத்துக்கொண்டாலும் இங்கே உடலோடு இருப்பவர் இருவர்தானே!

என் பரிந்துரை: இறைமூவர். 'திரித்துவக் கடவுள் அறிந்திருக்கிறார்' என்று ஒருமையில் முடிப்போம். 'இறைமூவர் அறிந்திருக்கிறார்கள்' என்று பலர்பாலில்தான் முடிக்க முடியும். மூன்று தனி ஆட்கள் என்பதை வினைமுற்றே சொல்லிவிடுகிறது. மூவர் என்றால் தேவார மூவர் நினைவுக்கு வருவார்களே என்றால், அதனால்தான் முன்னால் 'இறை' இருக்கிறது.

> மூன்று கடவுள் கும்பிடுகிறவர்கள் என்று பழிப்பதுபோல் ஆகாதா? அவர்களும் ஒரே தேவன் என்றுதானே சொல்கிறார்கள்?

நியாயமான கேள்வி, அக்கா. அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்திலேயே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்று வருகிறது. அந்த 'ஒரே' என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் மன ஒற்றுமை. எனவே கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் 'ஒருமனப்பட்ட இறைமூவர்' என்று முழுதாகப் போட்டு, பிறகு 'இறைமூவர்' என்று சுருக்கலாம். 'முத்தேவர்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நீங்கள் சொல்லும் பழி அதற்குத்தான் பொருந்தும்.

பெயரடையாக வரும்போது மட்டும் கொஞ்சம் இடறுகிறது. 'இறைமூவர் கோட்பாடு' சரி. 'இறைமூவரிய' என்று எழுதக் கை வரவில்லை. அதற்கு யாரிடமாவது நல்ல வடிவம் இருந்தால் தாருங்கள். கட்டுரை அட்டவணையில் இப்போதைக்கு இடப்பக்கம் 'திரித்துவம்', வலப்பக்கம் 'இறைமூவர்' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.